அக்கா பாடும்போது எழுந்து போகிறவர்கள்

மர்ரே எங்களைச் சாப்பாட்டு ராமன்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை. அவனுடைய ஸ்டூடியோ நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் காரங்கஹாப்பே சாலையில், மீன் பொரிக்கிற கடை ஒன்றுக்கு மேல் மாடியில் இருந்தது. எங்கள் அக்கா லெசியெலி மைக் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினால் போதும். நான், என் தம்பி சொசாயா, பெரியப்பா மகன் ஹெனெலி மூன்று பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிவிடுவோம்.

"எங்கப்பா போறீங்க?"

"பசிக்குது."

"இப்பத்தானே சாப்பிட்டு வந்தீங்க!"

"மறுபடியும் பசிக்குது."

"உங்க வயித்துக்குள்ள என்ன, ஏதாவது மிருகம் வளர்க்கிறீங்களா?" என்று மர்ரே கத்துவான். சொசாயா திரும்பி நின்று வயிற்றைத் தட்டிக் காட்டுவான். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு இருக்கக்கூடாத அளவு வயிறு அது. பார்க்கிறவர்கள் நம்பத்தான் செய்வார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரனிடம் நம் வீட்டு முறையை ஒரு தடவை சொன்னால் "ஏன்?" என்பான். பதில் சொன்னால் அதற்கும் ஒரு "ஏன்?" வரும். கடைசியில் "ஐயோ பாவம்" என்று ஒரு முகத்தை வைத்துக்கொள்வான். அந்த முகத்தைப் பார்க்கிற பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பசிக்கிறது என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

விஷயம் இவ்வளவுதான். பசிபிக்கில் இருக்கிற டோங்கா தீவுக்காரர்கள் நாங்கள், அக்கா தங்கை இருக்கிற இடத்தில் காதல் பேச்சை எடுக்க மாட்டோம், காதில் விழவும் விட மாட்டோம். எனக்கு மீசை அரும்பிய வருஷத்திலிருந்து வீட்டில் அக்காவுக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கம். டெலிவிஷனில் ஒருத்தன் ஒருத்தியை நெருங்கி வந்தால் எங்களில் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போவோம். அந்த வயதில் நான் குடித்த தண்ணீரில் ஒரு தோட்டமே வளர்ந்திருக்கும். கேலி, கிண்டல், தோளில் தட்டுவது எதுவும் கிடையாது. அத்தை மகன், மாமா மகன், பெரியப்பா மகன் எல்லாருமே அவளுக்கு அண்ணன் தம்பிதான். எல்லாருக்கும் இதே சட்டம்தான். இதைக் கஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அக்கா வீட்டில் எங்களுக்கெல்லாம் மேலே இருக்கிறவள். மேலே இருக்கிறவளிடம் காட்டுகிற மரியாதை அது.

ஆனாலும் சின்ன வயதில் ஆலயத்தில் ஒரே வரிசையில் நின்று பாடியது எனக்கு மறக்கவில்லை. நான் சுருதி விலகினால் அக்கா முழங்கையால் விலாவில் இடிப்பாள். வேண்டுமென்றே விலகுவேன். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவோம். அதற்குப் பிறகு அவள் சிரிப்பது சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டது.

எங்கள் குழு கல்யாணங்களுக்கும் ஆலய விருந்துகளுக்கும் வாசித்துக்கொண்டிருந்தது. ஊர்ப் பாட்டும் பக்திப் பாட்டும் என்றால் அக்கா எங்களோடு நின்று பாடுவாள். காதல் பாட்டு என்றால் நாங்கள் மட்டும்தான், அவள் வீட்டுக்குப் போன பிறகு. அப்படி ஒரு விருந்தில்தான் மர்ரே அக்காவின் குரலைக் கேட்டான். எழுபத்தொன்பதாம் வருஷம். டிஸ்கோ இல்லாமல் ஒரு வானொலியும் ஓடாத காலம். ஆண்களெல்லாம் யானைக்காது மாதிரி காலர் வைத்துச் சட்டை போட்டுத் திரிந்தோம். மர்ரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு குரலுக்குக் கீழ ஒரு நல்ல டிஸ்கோ தாளத்தை வச்சா ஊரே ஆடும்ப்பா. ஒரு ஆல்பம் பண்ணுவோம்" என்றான்.

ஆல்பம் என்றால் எல்லாம் காதல் பாட்டு. அப்பா பயந்துபோனார். வழக்கம்போல விஷயம் ஃபூசி அத்தையிடம் போனது. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அத்தை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்பாவே அத்தை முன்னால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அத்தை அரைமணி நேரம் கம்பளி நூல் பின்னிக்கொண்டே யோசித்தாள்.

"ஆண்டவன் குரலைக் குடுத்திருக்கான். பாடட்டும்" என்றாள். "ஆனா பசங்க காதுல விழக்கூடாது. நான் கூடப் போய் உக்காந்துக்கறேன்."

அப்படித்தான் அந்த ஆல்பம் உருவானது. மர்ரேயிடம் புதிதாக வந்த ஒரு பெரிய டேப் மெஷின் இருந்தது. ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதித்து, பிறகு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு முறையைத் தெரிந்த யாரோ உட்கார்ந்து செய்த மெஷின் மாதிரி இருந்தது எனக்கு. நாங்கள் வாசித்துவிட்டுக் கீழே இறங்குவோம். அக்காவும் அத்தையும் உள்ளே போவார்கள். கடைக்காரக் கிரேக்கக் கிழவர் எங்களைப் பார்த்ததுமே உருளைக்கிழங்கை எண்ணெயில் போட்டுவிடுவார். அக்கா பாடி முடித்ததும் அத்தை மாடி ஜன்னலைத் திறந்து தொண்டையைக் கனைப்பாள். நாங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே போவோம். எட்டுப் பாட்டு இப்படி நன்றாகவே போனது.

ஒன்பதாவது பாட்டுதான் மாட்டிக்கொண்டது. அதன் பெயர் "பின்வாசல்". மற்றதெல்லாம் மர்ரேயும் அவன் நண்பர்களும் எழுதியவை. இது அக்கா ஆங்கிலத்திலேயே எழுதியது. ஒனேஹுங்காவில் சட்டை தைக்கிற தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. மெஷின் ஓடுகிற தாளத்திலேயே ஒவ்வொரு வரியாகக் கட்டியிருக்கிறாள். ஒரு பெண் பின்வாசல் கதவைத் தாழ் போடாமல் காத்திருக்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆண் குரல், "வர்றேன், வர்றேன், தாழ் போடாதே" என்று பதில் சொல்ல வேண்டும். பெண் குரல் என்ன பாடுகிறது என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தாளை அத்தை எனக்குக் காட்டவே இல்லை. என் வரியை மட்டும் கிழித்துக் கொடுத்தாள். அதைப் படித்தால் யாரும் யாரிடமும் சொல்லக்கூடியதாகத்தான் இருந்தது.

ஹெட்போனில் டிரம்ஸையும் என் பேஸ் கிதாரையும் மட்டும் கேட்டுக்கொண்டு பாடினேன். மர்ரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மனாசே, பின்வாசல்ல நிக்கிறது ஒரு பொண்ணுப்பா. நீ என்னடான்னா கரண்ட் மீட்டர் படிக்க வந்தவன் மாதிரி வர்றேன்னு சொல்ற."

மறுபடியும் பாடினேன்.

"இப்ப மீட்டர் படிக்கிறவனுக்கு ஜலதோஷம்."

எத்தனை தடவை பாடினாலும் அதே கதைதான். அக்கா எங்கே இழுக்கிறாள், எங்கே மூச்சு விடுகிறாள், எங்கே மெல்லச் சொல்கிறாள் எதுவும் தெரியாமல், இருட்டில் கை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஒன்று முந்திப் போகும், ஒன்று பிந்திப் போகும். சரியாக விழுந்தாலும் அதில் உயிர் இல்லை. எனக்கே தெரிந்தது.

"அவ பாடினதைக் கேட்டுக்கிட்டே பாடு. ஒரு பொத்தானைத் தட்டினாப் போதும், இதோ."

"வேண்டாம்."

"ஏன்?"

பார்த்தீர்களா, ஆரம்பித்துவிட்டான். "வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. ஸ்டூடியோவை அடுத்த வாரத்திலிருந்து வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டான். சனிக்கிழமைக்குள் பாட்டு முடிய வேண்டும்.

"சரி, இப்படிச் செய்வோம்" என்றான். "டெனீஸைக் கூப்பிடறேன். ஹோட்டல்ல பாடறாளே, அவதான். நல்ல பொண்ணு. அவளைப் பார்த்துக்கிட்டே நீ பாடு. உங்க அக்கா பின்னாடி நின்னு ஊ-ஊன்னு சேர்ந்துக்கட்டும். பாட்டு நல்லா வரணும், அவ்வளவுதானே?"

டெனீஸ் என்றால் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. அவள் யாரோ, நான் யாரோ. அவளைப் பார்த்து வர்றேன் என்ன, இதோ வந்துவிட்டேன் என்றுகூடப் பாடலாம். ஆனால் பாட்டு அக்காவுடையது. அவள் எழுதிய ஒரே பாட்டு. அதை இன்னொருத்தி வாயில் கொடுத்துவிட்டு அவளைப் பின்னால் நிறுத்தி ஊ-ஊ சொல்லவைப்பதா? மூலையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஃபூசி அத்தை ஊசியை நிறுத்தினாள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்று மர்ரே நினைத்திருந்தான். பேச மாட்டாளே தவிர எல்லாம் புரியும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அவ எதுக்கு இந்தப் பாட்டை எழுதினான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தே."

"எப்படித் தெரியும்? நீதான் பசிக்குது பசிக்குதுன்னு ஓடிடுறியே. அவ சின்னதுல உங்களோட சேர்ந்து நின்னு பாடினவ. இப்ப ஜனவரியில கல்யாணம், அப்புறம் ஊர்ப்பக்கம் வவாவு தீவுக்குப் போயிடுவா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே பாட்டுல, தம்பிங்க குரலும் தன் குரலும் சேர்ந்து கேக்கணும்னு எழுதியிருக்கா."

"அதுக்குன்னு காதல் பாட்டா எழுதணும்?"

"டிஸ்கோன்னா அதைத்தானே கேக்கறான் அந்த வெள்ளைக்காரன்! பக்திப் பாட்டு எழுதினா வாங்குவானா?"

அக்கா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். நானே போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று வாசலில் நின்று கேட்டேன். "ஆச்சு" என்றாள். மனசு ரொம்பச் சங்கடப்பட்டது.

சனிக்கிழமை நான் ஸ்டூடியோவுக்குப் போனபோது டெனீஸ் வந்து சோபாவில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அக்காவும் அத்தையும் எங்களுக்கு முன்பே வந்து, எங்களுக்குத் தெரியாமல் ஏதோ பதிவு செய்து முடித்திருந்தார்கள். அக்கா வெளியே நடையில் நின்றிருந்தாள், தலை குனிந்தபடி. அத்தை ஹெட்போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"மாட்டு. இதுல உங்க அக்கா பாடியிருக்கா. நீ கேக்கலாம்."

"அத்தே, அது முறையில்லையே."

"முறையை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

மாட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சொசாயாவின் டிரம்ஸ் தொடங்கியது, ஹெனெலியின் கிதார் சரக்சரக்கென்று உரசிக்கொண்டே வந்தது, என் பேஸ் வந்தது. பிறகு அக்காவின் குரல். அதே மெட்டு, அதே இழுப்பு. ஆனால் ஆங்கிலத்தில் இல்லை, எங்கள் பேச்சில் பாடினாள். இவ்வளவு உருக்கமான குரலில் அவள் பாடியது இதுதான்:

"அலமாரியில இருந்த டின் மாட்டுக்கறி எங்கே போச்சு?
ஆறு டின்னு வாங்கி வச்சேன், ரெண்டுதான் மிச்சம்..."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். என் வரி வந்தது, தவறவிட்டேன். மர்ரே டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். டின் மாட்டுக்கறி. அடுத்த வரியில் சேப்பங்கிழங்கு இலையில் ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டி அடுப்பில் வைத்தாயிற்று, சீக்கிரம் வராவிட்டால் சொசாயா தின்றுவிடுவான் என்றாள். அதற்கடுத்து ஃபூசி அத்தையின் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்றாள். அத்தை பக்கத்திலேயே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவோட காரை பால் வண்டியில மோதினது யாரு, நான் இன்னும் சொல்லலியே" என்று அக்கா கொஞ்சலாக இழுத்தாள். மோதியது நான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் அவ்வளவு குறும்பு பண்ணுவாள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். மீசை முளைத்த நாளிலிருந்து என் அக்கா எனக்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சிரிப்போடு, கண்ணில் தண்ணீரோடு, "வர்றேன், வர்றேன், தாழ் போடாதே" என்று பாடினேன். அவள் எங்கே மூச்சு எடுத்தாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விலாவில் முழங்கை இடிக்கிற மாதிரி தானாகத் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் மர்ரே மூக்கை உறிஞ்சினான்.

"என்ன மொழிப்பா இது! ஒரு வார்த்தை புரியல, ஆனா நெஞ்சை என்னமோ பண்ணுது. அப்படி என்ன சொல்றா அவ?"

"டின் மாட்டுக்கறி தீந்துபோச்சுன்னு சொல்றா" என்றேன்.

"உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு" என்று என் முதுகில் ஒன்று வைத்தான். டெனீஸைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இவங்களுக்கு நடுவுல நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நல்ல பெண்தான்.

டேப்பில் இடமில்லை; முன்பு பாடிய ஆங்கில வரிகளின் மேலேயேதான் இதைப் பதித்திருந்தார்கள். டின் மாட்டுக்கறி பாடிய இடத்தில்தான் அக்கா ஆங்கில வரிகளை மறுபடி பாடியாக வேண்டும், அப்போது இது அழிந்துவிடும் என்று மர்ரே சொன்னான். "இன்னொரு தடவை போடுறியா?" என்று கேட்டேன். போட்டான். முழுக்கக் கேட்டேன். பிறகு நாங்கள் மூன்று பேரும் மீன் கடைக்கு இறங்கினோம். அன்றைக்கு உண்மையிலேயே பசித்தது.

ஆல்பம் வெளிவந்தது. அட்டைப்படத்தில் அக்கா நடுவில் நிற்க, நாங்கள் மூன்று பேரும் யானைக்காது காலர்களோடு ஓரத்தில் நின்றோம். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் இருந்தது. அது ஏதோ புது மாதிரி என்று பத்திரிகையில் எழுதினார்கள். "பின்வாசல்" வானொலியில் அடிக்கடி வந்தது. கடைகளில், பஸ்ஸில், தொழிற்சாலையில் எல்லாம் ஒலித்தது. எங்கள் வீட்டில் மட்டும் முதல் தாளம் கேட்டதுமே அப்பா எழுந்து வானொலியை அணைத்துவிடுவார். என்னோடு பஸ் ஓட்டிய ஆட்கள், "யாரை நினைச்சுடா அப்படிப் பாடினே?" என்று கேட்பார்கள். சிரித்து மழுப்புவேன்.

டெலிவிஷன்காரர்கள் கூப்பிட்டார்கள். ஒரே மேடையில் அக்காவும் நானும் நின்று அதைப் பாட வேண்டுமாம். முடியாது என்றேன். மர்ரே வந்து கெஞ்சினான், திட்டினான், "இந்த மாதிரிக் கிறுக்கனுங்களை நான் பார்த்ததே இல்லை" என்றான். சமாதானமாகப் போனதும் அவன்தான். அதனால் அந்தப் பாட்டை அக்கா எந்த மேடையிலும் பாடவில்லை. ஊரெல்லாம் அவள் குரல் கேட்டது. எங்கள் குரலோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது மட்டும் ஒரு டேப்புக்குள் நடந்ததாகப் பேர், அதுவும் ஒருத்தர் இருக்கும்போது இன்னொருத்தர் மீன் கடையில். அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை லிசியாட்டே வவாவுவில் பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான ஆள். ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில் விருந்து. மண்ணடுப்பில் சுட்ட பன்றிகள் மேசை நீளத்துக்கு வரிசையாகக் கிடந்தன. அக்கா எங்கள் வழக்கப்படி இடுப்பில் பாயும் மரப்பட்டைத் துணியும் சுற்றி, எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய கனத்தோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்து ஆண்கள், அண்ணன் தம்பி முறை உள்ளவர்கள், நாற்பது ஐம்பது பேர் இருப்போம். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மர்ரேயையும் கூப்பிட்டிருந்தோம். மூன்றாவது தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எப்போது எழுந்தானோ தெரியவில்லை. மணமக்களுக்குப் பரிசாக ஒரு ரெக்கார்ட் பிளேயர் கொண்டுவந்திருந்தான். எங்களை ஆச்சரியப்படுத்துகிறானாம். போதகர் ஜெபம் முடித்து உட்காரவும், மண்டபத்து ஒலிபெருக்கியில் சொசாயாவின் டிரம்ஸ் அதிர்ந்தது.

எல்லார் முகமும் மலர்ந்தது. பிள்ளைகள் ஆட ஓடிவந்தார்கள். பிறகு அக்காவின் குரல் முதல் வரியைத் தொடங்கியது. ஆங்கிலத்தில்.

நாற்பது ஐம்பது நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது. பன்றித் தொடையைக் கையில் பிடித்தவன் பிடித்தபடி, கிழங்கை வாயில் வைத்தவன் வைத்தபடி, எங்கள் பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, சமையல்கட்டு வழியாகக் கொட்டுகிற மழைக்குள் போய் நின்றோம். மாப்பிள்ளை வீட்டார் விஷயம் புரிந்து தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசியாக வெளியே வந்தேன். மர்ரேயின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அறைந்த மாதிரி இருந்தது. முதலில் எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அப்புறம்தான், அவனிடம் சொல்லாமல் விட்ட என் மேல் அல்லவா வர வேண்டும் என்று தோன்றியது.

உள்ளே ஒரு கீச்சொலி. ஃபூசி அத்தை ரெக்கார்ட் மேலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டாள்.

"அவங்களுக்குப் பாட்டு பிடிக்கலியா?" மர்ரேயின் குரல் வெளியே எங்களுக்கே கேட்டது. அழுதுவிடுவான் போலிருந்தது. "அவங்க போட்ட பாட்டுதானே இது!"

அத்தை அன்றுதான் அவனிடம் முதல்முதலாக ஆங்கிலம் பேசினாள். "அக்கா, தம்பி. காதல் பாட்டு. சேர்ந்து கேக்கக் கூடாது. பசி எல்லாம் பொய்."

"அத்தனை நாளும்?"

"அத்தனை நாளும்."

நாங்கள் கூரையின் ஓரத்தில் ஒடுங்கி நின்றோம். கல்யாணக் கோட்டெல்லாம் நனைந்து கனத்தது. உள்ளே திரும்பிப் போவதா, அப்படியே நிற்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த விருந்து இப்படியா முடிய வேண்டும்! வெள்ளிக்கிழமை அவளுக்கு விமானம்.

அப்போது அக்கா பாடத் தொடங்கினாள். தாளமில்லை, மைக் இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பின்வாசல்" மெட்டுதான். ஆனால் எங்கள் பேச்சில்.

"பன்னிக்கறி ஆறுது, கிழங்கு ஆறுது,
மழையில நிக்கிற கோட்டுக்காரங்களே,
மர்ரே மூணாவது தட்டு முடிச்சாச்சு,
உங்க பங்கையும் பார்க்கிறான், வாங்களேன்..."

மண்டபத்தில் பெண்கள் சிரிப்பது கேட்டது. வெளியே எங்களில் சிலர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இதில் காதுக்கு ஆகாதது எதுவும் இல்லை. சொசாயா தகரக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தான். என் வரி வந்தது.

"வர்றேன், வர்றேன், தாழ் போடாதே!"

நான் முடிக்கும் முன்பே ஹெனெலி சேர்ந்துகொண்டான். இரண்டாவது தடவை நாற்பது ஐம்பது குரல். ஆலயத்தில் வளர்ந்த கூட்டம், யாரும் சொல்லித்தராமலே நான்கு சுருதியாகப் பிரிந்து நின்றது. பாடிக்கொண்டே சமையல்கட்டுக் கதவு வழியாக உள்ளே நுழைந்தோம். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, சுவரோரமாக வரிசையில் நின்றோம். அக்கா எங்களைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு, உப்பு போதவில்லை, போதகருக்குத் தூக்கம் வருகிறது, ஃபூசி அத்தை ஊசியை உடைத்துவிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னோம். மர்ரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்ன சொல்கிறாள் என்று இந்தத் தடவை அவன் யாரையும் கேட்கவில்லை.

சாப்பாட்டுச் சங்கதி தீர்ந்துவிட்டது. அவள் ஒரு கணம் நிறுத்தினாள். சொசாயா வாசலில் நின்று தொட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தலை நிமிர்ந்து, வரிசையில் நின்ற எங்களை நேராகப் பார்த்துப் பாடினாள்.

"வவாவு வீட்டுக்கு ஒரே ஒரு கதவு,
அதுவும் கடலைப் பார்த்த கதவு.
தாழ் போட மாட்டேன், தம்பிகளே,
எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க?"

ஊரை விட்டுப் போகிறவள் அவள். வர்றேன் என்று சொல்ல வேண்டியது நாங்கள். அந்த இடத்தில் சொசாயாவின் கை நின்றுவிட்டது. ஹெனெலி முகத்தைத் துடைத்தான். அது மழைத்தண்ணீர் இல்லை. நாற்பது ஐம்பது பேரில் ஒருத்தருக்கும் குரல் எழும்பவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தனியாகப் பாடினேன். சுருதி நன்றாகவே விலகியது, இந்தத் தடவை வேண்டுமென்று இல்லை.